ஸ்வாஹிலிக் கரையின் உணவும் அதை ஆக்கும் முறையும்

சமையலைப் பற்றிய பாடம் சங்கத்து இதழில் எதற்கு என்று சில சகோதரர்கள் கேட்கக்கூடும். மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நம்மவருக்கு வழிவழியாக வந்த தொழில். கிராம்பும் ஏலமும் மிளகும் நாள்தோறும் நம் கைகளில் புரள்கின்றன. அதே சரக்குகளைக் கொண்டு, நம்மைப் போலவே கலிமாச் சொன்ன இன்னொரு சமூகம், கடலுக்கு மறுகோடியில் எவ்விதம் ஆக்கி உண்கிறது என்று தெரிந்துகொள்வது வீண்வேலை ஆகாது. ஆகவே கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத்து மக்களின் உணவை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சோமாலியாவின் தென்கரையில் தொடங்கி, கென்யா, தான்ஸானியா ஆகிய நாடுகளின் கடலோரமாக இறங்கி, மொஸாம்பிக்கின் வடபகுதி வரையில் நீண்டு கிடக்கிறது அந்தக் கரை. லாமு, மொம்பாஸா, ஸான்ஸிபார், பெம்பா, கில்வா, கொமோரோத் தீவுகள் யாவும் அதைச் சேர்ந்தவை. அரபியில் ‘ஸாஹில்’ என்றால் கரை. அதன் பன்மை ‘ஸவாஹில்’. அதிலிருந்து வந்த பெயரே ஸ்வாஹிலி. கரையோரத்தார் என்று பொருள் கொள்ளலாம். அவர்கள் பேசும் மொழி ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் நம் தமிழைப் போலவே அரபுச் சொற்களைத் தாராளமாக எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்க நாட்டவரைக் கண்டால் நம்மவரில் சிலர் இன்னமும் ‘காப்பிரி’ என்று வாய் கூசாமல் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அரபியில் உள்ள ‘காஃபிர்’ என்பதைப் போர்த்துக்கீசியர் ‘காஃப்ரெ’ என்று ஆக்கிக்கொண்டு, அதை நம் கரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். லாமுவுக்கு அருகே பாத்தே தீவில் ஷங்கா என்னுமிடத்தை அகழ்ந்தபோது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பள்ளிவாசலின் அடித்தடம் வெளிப்பட்டிருக்கிறது. ஸான்ஸிபாரில் கிஸிம்காஸிப் பள்ளிவாசலின் சுவரில் ஹிஜ்ரி 500, அதாவது கி.பி. 1107 என்ற ஆண்டு கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகப் பாங்கு ஒலிக்கும் கரையின் மக்களை அந்தச் சொல்லால் அழைப்பது நியாயமா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும். மலேசியாவில் படிக்க வரும் கிழக்கு ஆப்பிரிக்க மாணவர்கள் நம் கடைகளுக்கு வந்து முழுத் துவரையும் ஏலமும் கேட்கிறார்கள். அது எதற்கு என்று நாம் அறிந்திருந்தால், பேச்சு விலையோடு நின்றுவிடாது.

இக்கரையின் சாப்பாட்டைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் உலக யாத்திரிகர் இப்னு பதூதா. 1331ஆம் ஆண்டு வாக்கில் அவர் மொகதீஷுவிலும் மொம்பாஸாவிலும் கில்வாவிலும் இறங்கினார். மொகதீஷுவில் அவருக்குக் கிடைத்த விருந்தை நம் வீட்டுப் பெண்கள் கேட்டால் இது நம் ஊர்தானே என்பார்கள். நெய்யிட்டு ஆக்கிய சோற்றைப் பெரிய மரத்தட்டில் குவித்து, அதன்மேல் கோழியும் இறைச்சியும் மீனும் காய்கறியும் கொண்ட ஆணத்தை வைத்தார்கள். தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய், காடியிலும் உப்பிலும் ஊறவைத்த மிளகுக் கொத்து, பச்சை இஞ்சி, மாங்காய். பழுக்காத வாழைக்காயைப் பாலில் வேகவைத்துத் தனியாகவும், தயிரைத் தனியாகவும் வைத்தார்கள். அந்த ஊரார் ஒருவர் சாப்பிடுகிற அளவை நம்மில் ஒரு கூட்டமே சேர்ந்துதான் சாப்பிட முடியும் என்றும் குறித்திருக்கிறார். விருந்தை உண்டுவிட்டு இப்படி எழுதலாமா என்று நமக்குத் தோன்றினாலும், மனிதர் பொய் சொல்லவில்லை போலிருக்கிறது.

மொம்பாஸாவில் மக்கள் பெரும்பாலும் வாழையும் மீனும் உண்டார்கள், தானியம் வெளியிலிருந்து வந்தது என்கிறார். அங்கே கண்ட ஒரு பழத்தை ஒலிவம் போன்ற கொட்டையும் மிகுந்த தித்திப்பும் உடையது என்று வர்ணிக்கிறார். அது நம் நாவற்பழமே. அம்மக்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள், பக்தியும் நாணயமும் உள்ளவர்கள் என்றும் எழுதினார். அதே இப்னு பதூதா பிற்காலத்தில் நம் மஅபர் கரைக்கும் வந்தார், சுமத்ராவின் பாசைக்கும் போனார். ஒரே மனிதரின் கால் பட்ட மூன்று கரைகளிலும் ஷாஃபிஈ மத்ஹபும் தேங்காயும் அரிசியும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன.

நிற்க. அந்த அரிசியும் தேங்காயும் வாழையும் ஆப்பிரிக்கக் கரைக்கு எங்கிருந்து போயின? கீழைக் கடலிலிருந்துதான். கொமோரோத் தீவுகளிலும் மடகாஸ்கரிலும் கிடைத்த, ஏறத்தாழ ஆயிரம் வருஷங்களுக்கு முந்திய நெல்லும் பாசிப்பயறும் ஆசியப் பயிர்களே என்று 2016இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மடகாஸ்கர் மக்களின் மொழியே போர்னியோத் தீவின் மொழிகளுக்கு உறவானது. ஆகவே நாம் குடியிருக்கும் இந்த மலாய்க் கடலிலிருந்து சென்ற ஓடங்களும் அவர்கள் அடுப்பில் பங்கு பெற்றிருக்கின்றன. இந்த உறவு சொற்களிலும் தெரிகிறது. வயலில் நிற்பது ‘ம்புங்கா’, குத்தி எடுத்தது ‘ம்ச்செலே’, வெந்தது ‘வாலி’ என்று ஸ்வாஹிலியில் மூன்று பெயர்கள். நமக்கு நெல், அரிசி, சோறு. மலாய்க்காரருக்குப் பாடி, பெராஸ், நாசி. சோறு தின்கிற ஜனங்களுக்கே இந்த மூன்று சொற்களும் வேண்டியிருக்கின்றன.

1498இல் போர்த்துக்கீசியர் வந்தார்கள். அவர்கள் வழியாக அமெரிக்கக் கண்டத்து மிளகாயும் தக்காளியும் மரவள்ளியும் சோளமும் வந்தன. பின்னர் ஓமான் சுல்தான்கள் ஆண்டார்கள். அலுவாவும், கோதுமையையும் இறைச்சியையும் சேர்த்துக் கடைந்த ஹரீஸும் அரபு நாட்டிலிருந்து வந்தவை. குஜராத்தி, கச்சி வியாபாரிகள் சப்பாத்தியும் சம்புஸாவும் பஜ்ஜியும் கொண்டுபோனார்கள். ஊறுகாய்க்கு அங்கும் ‘அச்சாரி’ என்றே பெயர்.

இனிச் சமையலுக்கு வருவோம். இந்த உணவின் உயிர் தேங்காய்ப் பாலில் இருக்கிறது. காரத்தில் இல்லை. நம்மவர் இதை ஆக்கத் தொடங்கினால் முதலில் கை போவது மிளகாய்த் தூள் டப்பாவுக்குத்தான். அந்தக் கையைத் தடுத்து நிறுத்தினால் பாதிப் பாடம் முடிந்தது. மசாலாத் தூள் ஒரு கரண்டி விழுந்தாலும் பாலின் இனிமை அடங்கிப்போகும். அப்புறம் அது நம் வீட்டு ஆணமாகத்தான் இருக்கும். அதற்கு ஆப்பிரிக்கா வரை போகவேண்டியதில்லை.

தேங்காய் துருவ அவர்கள் வைத்திருப்பது மடக்கக்கூடிய ஒரு சிறு மரப்பலகை. முனையில் பல்வைத்த இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பலகையில் உட்கார்ந்து துருவவேண்டியது. நம் துருவுபலகையும் மலாய்க்காரரின் ‘குக்கூர்’ என்பதும் அதுவே. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ம்புஸி’. ஆடு என்று அர்த்தம். பாலை ‘துய்’ என்பார்கள். துருவலை ஓலையால் பின்னிய ‘கிஃபும்பு’ என்னும் பையில் போட்டு முறுக்கிப் பிழிவது பழைய வழக்கம். சுத்தமான மெல்லிய துணியும் போதும்.

பால் இரண்டு வகை என்பதை மறக்கலாகாது. இரண்டு தேங்காய்த் துருவலில் ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து பிழிந்தால் வருவது கெட்டிப் பால். அதே சக்கையில் மூன்று கோப்பை நீர் விட்டு மறுபடி பிழிந்தால் நீர்ப்பால். வேகவேண்டியவை யாவும் நீர்ப்பாலில் வேகவேண்டும். கெட்டிப் பால் கடைசியில் சேரவேண்டும். சேர்த்த பிறகு தீயைத் தணித்து, ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். கிளறாமல் விட்டுக் கொதிக்கவைத்தால் பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். நம் ஊரில் சில ஆணங்களுக்கு அந்த எண்ணெய் மிதப்பது அழகு. அவர்களுக்கு அது குற்றம். சந்தையில் இயந்திரத்தில் பிழிந்து விற்கும் பாலை வாங்கினால் அதைக் கெட்டிப் பாலாக வைத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கை மூன்று பங்கு நீரில் கலந்து நீர்ப்பாலாக்கலாம். பெட்டியில் அடைத்த பாலும் உதவும். ஆனால் துருவிப் பிழிந்த பாலின் வாசனை அதில் கிடைக்காது.

இந்த ஒன்றைக் கற்றவருக்குத் தேங்காய்ச் சோறு உடனே கைவரும். நீர்ப்பாலில் உப்பிட்டுக் கொதிக்கவைத்துக் களைந்த அரிசியைப் போடவேண்டியது. நீர் வற்றும் தறுவாயில் கெட்டிப் பாலை மேலே ஊற்றி ஒருமுறை புரட்டி, மூடி, மூடியின்மேல் தணல் போட்டு வைக்கவேண்டியது. தணலை மூடிமேல் பரப்புவதை அவர்கள் ‘குபாலியா’ என்கிறார்கள். நாம் தம் போடுவது என்கிறோம். வெந்தயமோ பூண்டோ ரம்பை இலையோ கிடையாது. அரிசி, பால், உப்பு மட்டுமே.

காலைச் சாப்பாட்டில் பேர்போனது ‘ம்பாஸி’யும் ‘மஹம்ரி’யும். ம்பாஸி என்பது துவரை. உடைத்த பருப்பல்ல, தோலோடு கூடிய முழுத் துவரை. நம் வியாபாரிகள் அறிந்திருக்கலாம், இந்தியா இறக்குமதி செய்யும் துவரையில் பெரும்பங்கு தான்ஸானியா, மொஸாம்பிக், மலாவி முதலிய கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தே போகிறது. கால் கிலோ துவரையை இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் நசுங்கும் பதம் வரும்வரை வேகவைத்து நீரை வடித்துவிடுங்கள். ஒரு வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, இரண்டு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு, கால் தேக்கரண்டி மஞ்சளும் உப்பும் சேர்த்து இரண்டு கோப்பை நீர்ப்பாலில் கொதிக்க விடுங்கள். பால் பாதியாகச் சுண்டியதும் ஒரு கோப்பை கெட்டிப் பாலை விட்டு ஐந்து நிமிஷம் கிளறி இறக்கவேண்டியது. தாளிப்பு கிடையாது. கடுகும் கறிவேப்பிலையும் போடத் தோன்றும். போடாதீர்கள்.

மஹம்ரி என்ற பெயர் அரபியில் புளித்த மாவைக் குறிக்கும் ‘கமீர்’ என்பதிலிருந்து வந்தது. அரை கிலோ கோதுமை மாவு, 100 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டி அப்போது இடித்த ஏலப்பொடி, 7 கிராம் ஈஸ்ட்டு, சிட்டிகை உப்பு. வெதுவெதுப்பான கெட்டிப் பால் ஒரு கோப்பைக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். கால் மணி நேரம் நன்றாகப் பிசைந்து, மூடி, இரு மடங்காகப் பொங்கும்வரை வைத்திருங்கள். நம் வெயிலுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஆறு உருண்டையாக்கி, சுண்டுவிரல் கனத்தில் பாதி இருக்கும்படி வட்டமாகத் தேய்த்து, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டி, மறுபடி கால் மணி நேரம் ஆறவிடவேண்டியது. பிறகு மிதமான சூட்டில் எண்ணெயில் போட்டு, கரண்டியால் எண்ணெயை மேலே வாரி வாரி ஊற்றினால் முக்கோணம் உப்பி உள்ளே குகை விழும். தித்திப்பான மஹம்ரியை உப்பான துவரைப் பாலில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். சீனியும் துவரையும் சேருமா என்று கேட்பவர்கள் ஒருமுறை சாப்பிட்டுவிட்டுக் கேட்கட்டும்.

மீனுக்கு வருவோம். ‘சாமகி வா குபாக்கா’ என்றால் பூசிய மீன். சதைப்பற்றுள்ள முழு மீனாக, செம்மீனோ பாரையோ வாங்கி இருபுறமும் கீறி, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, உப்பு இவற்றை அரைத்துத் தடவி ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். இதற்கிடையே கெட்டிப் பாலில் சிறிது மஞ்சளும் உப்பும் புளிக்கரைசலும் இட்டு, குழம்பாகத் திரளும்வரை காய்ச்சிக்கொள்ளவேண்டும். மீனைக் கரித்தணலில் முக்கால் பதம் சுட்டபின், இந்தப் பாலை மேலே பூசிப் பூசித் திருப்பிச் சுடவேண்டியது. மிச்சப் பாலை மீன்மேல் ஊற்றித் தேங்காய்ச் சோற்றோடு வைப்பார்கள்.

கணவாய் இனத்தைச் சேர்ந்த எட்டுக்கால் பேய்க்கணவாயை அவர்கள் ‘புவேஸா’ என்கிறார்கள். ஸான்ஸிபாரில் கடல் வற்றும் நேரத்தில் பெண்கள் பாறைகளுக்கிடையே குச்சியோடு சென்று அதைப் பிடிப்பது வழக்கம். நன்றாக அடித்து மிருதுவாக்கிப் பாலில் ஆக்குவார்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு அது ஹலால். ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த சகோதரர்கள் மீன் அல்லாத கடற்பிராணிகளை உண்பதில்லை. ஆகவே இரு மத்ஹபினரும் கூடும் விருந்தில் புவேஸாவைத் தவிர்த்து மீனை வைப்பதே மரியாதை.

விசேஷ நாட்களுக்கு உரியது பிலாவு. நிக்காஹ், பெருநாள், மவுலூது எதுவானாலும் பிலாவு இல்லாமல் இல்லை. லாமுவில் ஆண்டுதோறும் நடக்கும் மவுலூது விழா கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் பேர்போனது. அதற்கு வித்திட்டவர் ரியாளாப் பள்ளிவாசலை நிறுவிய ஹபீப் ஸாலிஹ். அவர் ஜமாலுல்லைல் ஸையித் வம்சத்தவர். நம் பெர்லிஸ் மாநிலத்து அரச குடும்பமும் அதே ஜமாலுல்லைல் வம்சம். ஹள்ரமவ்த்திலிருந்து ஒரு கிளை மேற்கே போயிற்று, ஒரு கிளை கிழக்கே வந்தது.

பிலாவு ஆக்க ஒரு கிலோ பாஸ்மதி அரிசி, எலும்போடு கூடிய ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ ஒரு கிலோ, பெரிய வெங்காயம் நாலு, உருளைக்கிழங்கு ஐந்தாறு வேண்டும். சரக்குகள்: சீரகம் இரண்டு மேசைக்கரண்டி, மிளகு ஒரு மேசைக்கரண்டி, ஏலம் பன்னிரண்டு, கிராம்பு பத்து, பட்டை மூன்று துண்டு. இவற்றில் பாதியை முழுதாக வைத்துக்கொண்டு பாதியை வெறுஞ்சட்டியில் வறுத்து இடித்துக்கொள்ளுங்கள். முழுதாகவே போடுவோரும் உண்டு. இடித்ததே எனக்குப் பிடித்தம். இறைச்சியை இஞ்சியும் உப்பும் சேர்த்து வேகவைத்து, அந்தச் சாற்றைக் கொட்டாமல் வைத்துக்கொள்ளவேண்டும்.

இப்போது வெங்காயம். பிலாவின் நிறம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. மஞ்சளோ குங்குமப்பூவோ சாயமோ கிடையாது. மெல்லியதாக அரிந்து, தாராளமான எண்ணெயில், அவசரப்படாமல், பேரீச்சம்பழத்தின் நிறம் வரும்வரை வதக்கவேண்டும். பொன்னிறத்தில் நிறுத்தினால் சோறு வெளுத்துப்போகும். கருகவிட்டால் கசக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே சில நிமிஷங்களே உண்டு. அந்நேரம் அடுப்பை விட்டு அகலாதீர்கள். நிறம் வந்ததும் இரண்டு மேசைக்கரண்டி அரைத்த பூண்டும் சரக்குகளும் போட்டு வாசனை எழும்பியதும் இறைச்சியையும் கிழங்கையும் புரட்டி, சாற்றை விடவேண்டியது. அரைமணி ஊறிய அரிசியானால் ஒரு கோப்பைக்கு ஒன்றரைக் கோப்பை சாறு கணக்கு. சாறு கொதித்ததும் அரிசியைப் போட்டு, நீர் சோற்றுமட்டத்துக்கு இறங்கியவுடன் மூடித் தம் போட்டால் இருபது நிமிஷத்தில் ஆகிவிடும். பக்கத்தில் ‘கச்சும்பாரி’ என்று தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு கலந்த பச்சடி. கூடவே ஒரு வாழைப்பழம். சோற்றோடு பழத்தைக் கடித்துக்கொள்வது அந்தக் கரையின் வழக்கம்.

கிராம்பைப் பற்றி வியாபாரிகளாகிய நாம் இன்னும் இரண்டு வார்த்தை அறியவேண்டும். மலுக்குத் தீவுகளுக்கே உரிய இந்த மரம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஸான்ஸிபாருக்குப் போயிற்று. ஓமான் சுல்தான் ஸையித் ஸயீத் தம் தலைநகரையே அங்கு மாற்றிக்கொண்டு தோட்டங்களைப் பெருக்கினார். 1872இல் அடித்த பெரும்புயலில் ஸான்ஸிபாரின் மரங்கள் பெரும்பகுதி விழுந்தன. தப்பிய பெம்பாத் தீவே அதன்பின் கிராம்புக்கு முதலிடமாயிற்று. அத்தோட்டங்களில் மொட்டுப் பறித்தவர்கள் உள்நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் என்பதையும் மறைக்கலாகாது. ஸான்ஸிபாரின் அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்டது. வாங்கியவர்களிலும் விற்றவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். அடிமையை விடுதலை செய்வதை நன்மையாகக் கற்றுத்தந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அதைச் செய்தது வருத்தத்திற்குரியது. கிராம்பின் கதையைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டால் பாடம் அரைகுறையாகும்.

மொட்டு மலர்வதற்குமுன் பறித்து, பாயில் பரப்பி, நாலைந்து நாள் வெயிலில் காயவைத்ததே நல்ல கிராம்பு. தலை உதிராமல் இருக்கவேண்டும். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியவேண்டும். தண்ணீரில் போட்டால் அமிழும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். படுத்துக்கொண்டு மிதந்தால் எண்ணெய் எடுத்த சக்கை என்று தெரிந்துகொள்ளுங்கள். காம்பைக் கலந்து எடையேற்றுவோரும் உண்டு. மேலே நல்லதும் கீழே கழிவுமாக மூட்டை கட்டுவது புதிய தந்திரமல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். பிலாவுக்குப் பத்துக் கிராம்பு என்று நான் எழுதியது நல்ல கிராம்புக்குக் கணக்கு. சக்கையானால் முப்பது போட்டாலும் மணக்காது. பழி சமைத்த பெண்ணின் தலையில் விழும்.

பலகாரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சரிசியை ஊறவைத்துத் தேங்காய்ப் பாலில் அரைத்து, சீனி, ஏலம், ஈஸ்ட்டு சேர்த்துப் புளிக்கவைத்து, குழிச்சட்டியில் ஊற்றி எடுப்பது ‘வித்தும்புவா’. நம் குழிப்பணியாரம் அறிந்தவருக்கு வேறு விளக்கம் வேண்டாம். அதே மாவை வட்டச் சட்டியில் ஊற்றி மேலும் கீழும் தணல் வைத்தால் அரிசி ரொட்டி.

உண்ணும் முறையிலும் அவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். ‘சினியா’ என்னும் பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் கொட்டி, பாயில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து உண்கிறார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹனில் உண்பதும் அதுவே. சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை தட்டைச் சுற்றி அலைந்தபோது நபியவர்கள் கற்பித்த ஒழுக்கத்தை, அதாவது தனக்கு முன்னால் உள்ளதை மட்டும் எடுப்பதை, அங்கே பிள்ளைகள் தட்டைச் சுற்றி அமர்ந்தே பழகிக்கொள்கிறார்கள். வழியோடு போகிறவரையும் ‘கரிபு’ என்று அழைப்பார்கள். அருகே வாருங்கள் என்று பொருள். அரபியில் ‘கரீப்’ என்பது இது. வீட்டு வாசலில் கல்லால் கட்டிய ‘பராஸா’ நம் திண்ணையே தான். அஸருக்குப்பின் ஆண்கள் அதில் கூடிப் பேசுவார்கள். காப்பி விற்பவர் மூக்குள்ள பித்தளைப் பாத்திரத்தைக் கரிநெருப்போடு தூக்கிவந்து சின்னஞ்சிறு பீங்கான் கோப்பைகளைக் கலகலவென்று தட்டி அழைப்பார். காப்பியில் பாலும் இல்லை, சீனியும் இல்லை. ஒரு வாய் அலுவாவோ நிலக்கடலை மிட்டாயோ கடித்துக்கொண்டு குடிக்கவேண்டியது.

நோன்பு மாதத்தில் அங்கே கஞ்சியும் உண்டு, ஆனால் முதன்மையானது கிழங்கு வகைகள். பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து மஃரிப் தொழுதபின் உண்பதை ‘ஃபுத்தாரி’ என்கிறார்கள். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் இவற்றைப் பாலில் ஆக்குவார்கள். மஃரிபுக்கு முந்திய அரைமணியில் மூடிய தட்டுகளோடு பிள்ளைகள் வீட்டுக்கு வீடு ஓடுவதைக் காணலாம். தட்டு காலியாகத் திரும்பி வருவதில்லை. பழுத்த பெரிய வாழையைக் கெட்டிப் பால், சீனி, ஏலம் இட்டு வேகவைத்தது பிள்ளைகளுக்குப் பிரியமானது.

நம் பெரியவர்களுக்கு மரவள்ளி என்றால் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்துப் பஞ்சம்தான் ஞாபகம். அவர்களில் பலர் பிற்பாடு அதைக் கையால் தொடவில்லை. அரிசி கிடைக்காமல் உப்பில்லாமல் தின்றது வேறு, விரும்பி ஆக்கித் தின்பது வேறு. இந்த நோன்பில் ஒருநாள் செய்து பாருங்கள். ஒரு கிலோ கிழங்கை மேல்தோலோடு உள்ளே இருக்கும் கெட்டியான தோலையும் சேர்த்துச் சீவி, விரல் நீளத்துண்டாக்கி, நடுநரம்பை நீக்கிவிடவேண்டும். பச்சையாகத் தின்னலாகாது, அதில் விஷம் உண்டு. உப்பு நீரில் மூடாமல் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, நீர்ப்பாலில் ஒரு வெங்காயமும் இரண்டு பச்சை மிளகாயும் போட்டு மறுபடி வேகவைத்து, கிழங்கு மலர்ந்ததும் கெட்டிப் பால் விட்டு, பால் கிழங்கில் ஒட்டும்வரை கிளறி இறக்குங்கள். பொரித்த மீன் ஒரு துண்டு பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்குப் போதும். ஆறவிட்டால் இறுகிவிடும். ஆகையால் தொழுகைக்குப் போகுமுன் நீர்ப்பாலோடு நிறுத்திவைத்து, வந்தபின் கெட்டிப் பால் சேர்ப்பதே சரியான முறை.